'புதுப்பிக்கத்தக்க' என்னும் அடைமொழி: இந்திய உயிரி எரிபொருள் கொள்கையும் முகத்துவாரக்குப்பமும்

ஆய்வுச் சுருக்கம்

பெட்ரோலுடன் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் இலக்கை இந்தியா 2025ஆம் ஆண்டில் எட்டியது. உயிரி எரிபொருளைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என வகைப்படுத்தும் கொள்கை, அதற்கான நிலத்தையும் மூலப்பொருளையும் தரிசு, உபரி, கழிவு என்னும் மூன்று சொற்களின் வழியே இனங்காண்கிறது. ஏற்கெனவே ஒருவரது பயன்பாட்டில் இருக்கும் பொருளை எவருக்கும் பயன்படாததாகக் காட்டும் இயல்பு இம்மூன்று சொற்களுக்கும் உண்டு. சோழர் காலக் கல்வெட்டுகளில் பயிலும் 'சாவா மூவாப் பேராடு' என்னும் தொடர், புதுப்பித்தலை அளப்பதற்குக் கடுமையானதும் தெளிவானதுமான அளவுகோலைத் தருகிறது. அவ்வளவுகோலைக் கொண்டு இக்கொள்கையின் மூன்று சொற்களையும் இக்கட்டுரை விளக்குகிறது. எண்ணூர்க் கழிமுகத்து முகத்துவாரக்குப்பத்தின் பட்டறிவு இதற்குக் களமாகிறது.

திறவுச்சொற்கள்: உயிரி எரிபொருள், எத்தனால், காட்டாமணக்கு, தரிசு, உபரி, கழிவு, சாவா மூவாப் பேராடு, எண்ணூர்க் கழிமுகம்.

முன்னுரை

சென்னையின் வடகோடியில் கொசஸ்தலையாறு வங்கக் கடலில் கலக்கும் இடத்தில் அமைந்த மீனவர் குடியிருப்பு முகத்துவாரக்குப்பம். ஆற்றுநீரும் கடல்நீரும் மாறிமாறி ஏறியிறங்கும் இக்கழிமுகத்தில் இறாலும் நண்டும் மடவையும் பிடித்து வாழ்ந்த மக்களைச் சுற்றி, அரை நூற்றாண்டுக் காலத்தில் நாட்டின் எரிபொருள் தொழில்கள் வந்து சூழ்ந்தன. மணலிச் சுத்திகரிப்பு ஆலை 1969இல் இயங்கத் தொடங்கியது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை செயற்பட்டது. வடசென்னை அனல்மின் நிலையம் 1990களில் எழுந்தது. நிலக்கரியை இறக்குவதை முதன்மை நோக்காகக் கொண்டு அமைந்த எண்ணூர்த் துறைமுகம் 2001இல் செயற்பாட்டுக்கு வந்து, பின்னர்க் காமராசர் துறைமுகம் எனப் பெயர் பெற்றது. அத்துறைமுகத்திலேயே நீர்ம இயற்கை எரிவாயு முனையம் 2019இல் தொடங்கப்பட்டது.

இத்தொழில்களின் இழப்பைக் கழிமுகம் சுமந்தது. 2017 ஜனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்தை ஒட்டிய கடலில் இரு கப்பல்கள் மோதியதால் கசிந்த உலை எண்ணெய் கடற்கரையெங்கும் படிந்தது. மக்கள் அதனை வாளிகளால் அள்ளியெடுக்க நேர்ந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்துடன் மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய் கழிமுகத்தில் பரவி, படகுகளையும் வலைகளையும் கரையோர வீடுகளையும் கறைப்படுத்தியது. பெட்ரோலியத்திற்கு மாற்று வேண்டும் என்னும் கோரிக்கையின் பொருளை முகத்துவாரக்குப்பம் அளவுக்கு உணர்ந்த ஊர்கள் குறைவு. ஆகவே, உயிரி எரிபொருளைப் பற்றிய ஆய்வு இவ்வூரிலிருந்து தொடங்குவது பொருத்தமுடையது. மாற்று என்று சொல்லப்படுவது உண்மையில் மாற்றுதானா, அன்றி இழப்பை வேறொருவர் தோளுக்கு இடம்பெயர்ப்பதா என்பதே இங்கு எழும் வினா.

சாவா மூவாப் பேராடு

முகத்துவாரக்குப்பத்திற்குச் சில கிலோமீட்டர் தெற்கே உள்ளது திருவொற்றியூர். அங்குள்ள ஆதிபுரீசுவரர் கோயிற் கல்வெட்டுகளில் நந்தாவிளக்கு எரிப்பதற்காகப் பொன்னும் ஆடும் அளிக்கப்பட்ட செய்திகள் பல உள்ளன. இவ்வகைக் கொடையில் சோழர் காலத்தில் பரவலாகக் காணப்படும் மரபு, ஒரு விளக்கிற்குத் தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு ஆடுகளை விடுவதாகும். அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் கோயிலுக்கு அளந்துவந்தனர். இந்த ஆடுகளையே கல்வெட்டுகள் 'சாவா மூவாப் பேராடு' எனக் குறிக்கின்றன.

ஆடு சாகாமலும் மூப்படையாமலும் இருப்பதில்லை. இறந்தவற்றின் இடத்தையும் முதிர்ந்தவற்றின் இடத்தையும் குட்டிகளால் நிரப்பி, மந்தையின் எண்ணிக்கையை என்றும் மாறாமல் காப்பதே இத்தொடரின் பொருள். நெய் விளைவு, மந்தை முதல். விளைவை எடுக்கலாம், முதல் குறையக் கூடாது. இன்றைய ஆற்றலியல் 'புதுப்பிக்கத்தக்க' என்னும் அடைமொழியால் சொல்ல முற்படும் கருத்தும் இதுவே.

இத்தொடரில் மற்றுமோர் உண்மையும் பொதிந்துள்ளது. மந்தையின் அளவைக் காக்கும் கடமை கொடையாளியைச் சார்ந்ததன்று, கோயிலைச் சார்ந்ததுமன்று. அது ஆட்டைப் பெற்றுக்கொண்ட இடையரின் கடமை. மழை பொய்த்து மந்தை மெலிந்தாலும் விளக்கு எரிந்தாக வேண்டும். எனவே ஓர் எரிபொருளைப் புதுப்பிக்கத்தக்கது என்று கூறுவதற்குமுன் இரண்டு வினாக்களுக்கு விடை காண வேண்டும். முதல் குறையாமல் இருக்கிறதா? குறையாமல் காப்பதன் சுமை யாருடையது?

கொள்கையின் வளர்ச்சி

எத்தனாலை எரிபொருளாகப் பயன்படுத்தும் எண்ணம் இந்தியாவில் புதியதன்று. விடுதலைக்கு மறு ஆண்டிலேயே இந்திய ஆற்றல் சாராயச் சட்டம், 1948 இயற்றப்பட்டது. ஆயினும் நடைமுறை முயற்சி அரை நூற்றாண்டுக்குப் பின்னரே வலுப்பெற்றது. 2001இல் மகாராட்டிரத்தின் மீரஜ், மன்மாட் ஆகிய இடங்களிலும் உத்தரப்பிரதேசத்தின் பரேலியிலும் முன்னோட்டத் திட்டங்கள் நடைபெற்றன. 2003 ஜனவரியில் தமிழ்நாடு உள்ளிட்ட 9 மாநிலங்களிலும் 4 ஒன்றியப் பகுதிகளிலும் 5 விழுக்காட்டுக் கலப்புத் திட்டம் தொடங்கியது. 2009ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை 2017க்குள் 20 விழுக்காட்டை இலக்காக்கியது, அது நிறைவேறவில்லை. 2018ஆம் ஆண்டின் புதிய கொள்கை அதே இலக்கை 2030க்கு வகுத்தது. 2022இல் செய்யப்பட்ட திருத்தம் அதனை 2025-26க்கு முன்கொணர்ந்தது.

2013-14இல் 1.53 விழுக்காடாக இருந்த கலப்பு 2022 ஜூனில் 10 விழுக்காட்டையும், 2025இல் 20 விழுக்காட்டையும் அடைந்தது. கச்சா எண்ணெய்த் தேவையில் 85 விழுக்காட்டுக்கும் மேற்பட்டதை இறக்குமதி செய்யும் நாட்டிற்கு இது சிறிய செய்தியன்று. அயல்நாட்டுச் செலாவணி மிச்சமாகிறது. ஆலைகளுக்கு உறுதியான வருவாய் கிடைப்பதால் கரும்பு உழவர்களுக்கான நிலுவையைத் தீர்க்க வழி பிறக்கிறது. 1975இல் எத்தனால் திட்டத்தைத் தொடங்கிய பிரேசில் அரை நூற்றாண்டில் அடைந்த அனுபவம் இதற்கு முன்மாதிரியாகக் கொள்ளப்பட்டது. 2023 செப்டம்பர் 9 அன்று புதுதில்லி ஜி-20 மாநாட்டின்போது உலக உயிரி எரிபொருள் கூட்டணி தொடங்கப்பட்டபோது, இந்தியாவும் பிரேசிலும் அதன் முன்னணியில் நின்றன.

கலப்பு எவ்வாறு நிகழ்கிறது என்பதும் இங்கு நோக்கத்தக்கது. எத்தனால் நீரை ஈர்க்கும் இயல்புடையது. நீர் மிகுந்தால் கலவை இரு படலங்களாகப் பிரிந்துவிடும். ஆகவே பெட்ரோலைப் போல நெடுந்தொலைவுக் குழாய்களில் அதனை அனுப்புவதில்லை. வடிப்பாலைகளிலிருந்து தாங்கி ஊர்திகளில் எண்ணெய்க் கிடங்குகளுக்குக் கொண்டுவந்து அங்கேயே கலக்கின்றனர். தண்டையார்பேட்டையும் கொருக்குப்பேட்டையும் இத்தகைய கிடங்குகளுக்குப் பெயர் பெற்றவை. வயலில் தொடங்கும் எரிபொருளும் வண்டிக்குள் செல்லுமுன் வடசென்னை போன்ற தொழிற்பகுதியைத் தொட்டே செல்கிறது.

தரிசு

கொள்கையின் முதற்சொல் தரிசு. 2003இல் திட்டக் குழு வெளியிட்ட அறிக்கை, ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஹெக்டேர் நிலத்தில் காட்டாமணக்குப் பயிரிட்டு டீசலுக்கு மாற்று காண முடியும் என்று கருதியது. உணவுப் பயிருடன் போட்டி எழாது என்பதற்கு அக்கொள்கை தந்த உறுதி, அந்நிலம் தரிசு என்பதே.

தமிழக வருவாய்த்துறை வழக்கில் தரிசு என்பது வளத்தைக் குறிக்கும் சொல்லன்று; வரியைச் சார்ந்த சொல். 'தீர்வை ஏற்பட்ட தரிசு', 'தீர்வை ஏற்படாத தரிசு' என்னும் பாகுபாடே அதற்குச் சான்று. சாகுபடிக் கணக்கில் வராத நிலம் தரிசு. அக்கணக்கில் வராமலே அந்நிலம் ஆட்டுக்கு மேய்ச்சலையும் அடுப்புக்குச் சுள்ளியையும் தந்துகொண்டிருக்கலாம். காட்டாமணக்கு ஆடுமாடு கடிக்காத செடி. அதனால்தான் உழவர் அதனை வேலியில் வைத்தனர். வேலிக்கு ஏற்ற அந்தப் பண்பே, மேய்ச்சல் நிலம் முழுவதிலும் நடப்படும்போது மந்தைக்கு எதிரானதாகிறது.

தமிழ்நாட்டில் நடந்த கள ஆய்வுகள் இதனை உறுதிப்படுத்தின. பெரே அரிசா-மொந்தோபியோ, சரச்சந்திர லேலே ஆகியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வு, கோயம்புத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் காட்டாமணக்கு விளைச்சல் எதிர்பார்ப்பைவிட மிகக் குறைவாக இருந்ததையும், நீர்வசதியே அதன் இலாபத்தைத் தீர்மானித்ததையும், ஏழை உழவர்களே மிகுதியாக இழந்ததையும் காட்டியது. வறண்ட நிலத்தில் தானே செழிக்கும் என்று கூறப்பட்ட பயிர் நீரை வேண்டி நின்றது. ஜெனிஃபர் பாக்கா விருதுநகர் மாவட்டத்துச் சாத்தூர்ப் பகுதியில் நிகழ்த்திய ஆய்வு மற்றொரு பக்கத்தைக் காட்டியது. தரிசு எனக் குறிக்கப்பட்ட நிலங்களில் வளர்ந்திருந்த சீமைக்கருவேலம் விறகாகவும் கரியாகவும் ஏற்கெனவே ஓர் ஆற்றல் பொருளாதாரத்தைத் தாங்கி வந்தது. அது தந்த பயனுறு ஆற்றல், அதே நிலத்தில் காட்டாமணக்கு தரக்கூடியதைவிட மிகுதி என்பது அவர்தம் கணிப்பு. உயிரி எரிபொருளுக்கு இடமளிப்பதற்காக அகற்றப்பட இருந்ததும் ஓர் உயிரி எரிபொருளே.

உபரி

காட்டாமணக்குத் திட்டம் தளர்ந்தபின் கொள்கையின் கவனம் எத்தனாலுக்குத் திரும்பியது. அங்கு முதன்மை பெற்ற சொல் உபரி. 2018ஆம் ஆண்டின் கொள்கை, உணவுத் தானியம் உபரியாகும் காலத்தில் அதனை எத்தனாலாக்க இசைவளித்தது. 2020 ஏப்ரலில் இந்திய உணவுக் கழகத்தின் கையிருப்பில் உள்ள உபரி அரிசியைப் பயன்படுத்த ஒப்புதல் வழங்கப்பட்டது.

தொடர்ந்து நிகழ்ந்தவை உபரி என்னும் சொல்லின் நிலையாமையைக் காட்டுகின்றன. 2023 ஜூலையில் உணவுக் கழகம் எத்தனாலுக்கான அரிசி வழங்கலை நிறுத்தியது. அதே ஆண்டு டிசம்பர் 7 அன்று, சர்க்கரை உற்பத்தி குறையும் என்னும் அச்சத்தால் கரும்புச் சாற்றை எத்தனாலாக்கத் தடை விதிக்கப்பட்டு, சில நாள்களில் ஓரளவு தளர்த்தப்பட்டது. 2024இல் இரு கட்டுப்பாடுகளும் நீங்கின. 2024-25ஆம் பருவத்திற்கு 52 லட்சம் டன் அரிசி ஒதுக்கப்பட்டது. இடைவெளியை மக்காச்சோளம் நிரப்பியது. ஆனால் மக்காச்சோளம் கோழித் தீவனத்தின் முதன்மைப் பொருள். நாமக்கல் வட்டாரக் கோழிப்பண்ணைகளுக்கு அதன் விலையேற்றம் நேரடிச் சுமை. மக்காச்சோளத்தைப் பல்லாண்டுகளாக ஏற்றுமதி செய்துவந்த இந்தியா 2024இல் அதனை நிகரமாக இறக்குமதி செய்யும் நாடாயிற்று. எண்ணெய் இறக்குமதியைக் குறைப்பதற்கான முயற்சி தானிய இறக்குமதிக்கு இடமளித்தது.

தமிழ் உழவர் மரபில் உபரி என்பது அறுவடைக் களத்தில் முடிவாவதன்று. விதைநெல்லை எடுத்துவைத்து, உணவுக்கு ஒதுக்கி, அடுத்த மழை பொய்ப்பதற்கும் இருப்பு வைத்தபின் எஞ்சுவதே உபரி. விதைநெல் உழவனின் சாவா மூவா முதல். ஒரு பருவத்தின் மிகுதியை நம்பி நிறுவப்படும் வடிப்பாலையோ எல்லாப் பருவத்திலும் தானியம் கேட்கும். மழை மாறும், ஆலையின் தேவை மாறாது என்பதே இவ்விரண்டிற்கும் இடையிலான முரண்.

நீரின் கணக்கு இதனினும் கூர்மையானது. நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட எத்தனால் கலப்பு வழிகாட்டி அறிக்கையே, கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் பெற ஏறத்தாழ 2,860 லிட்டர் நீர் தேவை என்று குறிப்பிடுகிறது. கரும்பும் நெல்லும் சேர்ந்து நாட்டின் பாசன நீரில் ஏறத்தாழ 70 விழுக்காட்டை எடுத்துக்கொள்வதாகவும் அது கூறுகிறது. பிரேசிலின் சாவோ பாவுலோ மாநிலத்துக் கரும்பு பெரும்பாலும் மழையை நம்பியது. தமிழ்நாட்டுக் கரும்பு ஆற்றுப் பாசனத்தையும் கிணற்றையும் நம்பியது. ஒரே பயிர், ஒரே வேதிப்பொருள். ஆயினும் ஓரிடத்தில் புதுப்பிக்கத்தக்கதாக இருப்பது மற்றோரிடத்தில் நிலத்தடி நீரைக் கரைத்துப் பெறுவதாக அமையலாம்.

கழிவு

மூன்றாம் சொல் கழிவு. மூன்றனுள் மிக வலுவான நியாயம் உடையதும் இதுவே. சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் பொருளுக்குத் தமிழில் வழங்கும் 'கழிவுப்பாகு' என்னும் பெயரே அதனைக் காட்டும். கடைசிக் கட்டக் கழிவுப்பாகிலிருந்து எத்தனால் பெறும்போது சர்க்கரை குறைவதில்லை. ஆனால் இலக்கு உயர உயர, சர்க்கரை இன்னும் மிகுந்திருக்கும் இடைநிலைப் பாகும், பின்னர்க் கரும்புச் சாறும் எத்தனாலுக்குச் சென்றன. கழிவு என்று தொடங்கியது படிப்படியாக விளைபொருளாயிற்று.

வைக்கோல் மற்றோர் எடுத்துக்காட்டு. 2022 ஆகஸ்ட் 10 அன்று அரியானாவின் பானிப்பட்டில் நெல் வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலை தொடங்கப்பட்டது. ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து ஏறத்தாழ 3 கோடி லிட்டர் எத்தனால் பெறுவது அதன் திட்டம். வயலிலேயே வைக்கோல் எரிக்கப்பட்டு நகரங்கள் புகையில் மூழ்கும் வடபகுதியில் இது நன்மையே. காவிரிப் படுகையிலோ வைக்கோல் கழிவன்று. போராகக் குவித்துக் காக்கப்படும் கால்நடைத் தீவனம். ஒரே பொருள் இடத்திற்கேற்பக் கழிவாகவும் உடைமையாகவும் நிற்பதைத் தேசிய அளவிலான ஒற்றைச் சொல் காட்டுவதில்லை.

அளவுகோலில் முழுமையாகத் தேறும் முயற்சி சிறியது, ஆயினும் கருதத்தக்கது. பயன்படுத்திய சமையல் எண்ணெயில் முனைவுச் சேர்மங்களின் அளவு 25 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்னும் விதி 2018 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அவ்வளவைக் கடந்த எண்ணெயைத் திரட்டி உயிரி டீசலாக்கும் திட்டத்தை உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கியது. பெரிய உணவகங்கள் பயன்படுத்திய எண்ணெய் குறைந்த விலையில் தெருக்கடைகளுக்குச் சென்று ஏழையரின் உணவில் சேர்வதை இது தடுக்கிறது. இங்கு எவருடைய முதலும் குறையவில்லை. ஒரு நோய்க்காரணமும் நீங்குகிறது.

முகத்துவாரக்குப்பம் காட்டும் பாடம்

மேற்கூறிய மூன்று சொற்களின் விளைவை முகத்துவாரக்குப்பம் நன்கறியும். இராயபுரத்தை ஒட்டிய காசிமேட்டு விசைப்படகும் முகத்துவாரக்குப்பத்து இழைப்படகும் டீசலில் ஓடுபவை. எத்தனாலோ பெட்ரோலுக்குரியது. டீசலில் 5 விழுக்காடு உயிரி டீசல் கலக்கும் இலக்கு 2030க்கு வகுக்கப்பட்டிருப்பினும், இன்றைய கலப்பு ஒரு விழுக்காட்டிற்கும் குறைவு. ஆகவே நாடு கொண்டாடும் 20 விழுக்காடு இம்மக்களின் தொழிலைத் தொடவில்லை.

ஆயினும் தரிசு என்னும் சொல் அவர்களைத் தொட்டிருக்கிறது. உப்பளமும் அலையாத்தியும் சேற்றுப்பரப்பும் நிறைந்த எண்ணூர்க் கழிமுகம், பயிர்க் கணக்கில் வராத நிலம் என்பதாலேயே சாம்பற் குளத்திற்கும் துறைமுகத்திற்கும் எளிதில் ஒதுக்கப்பட்டது. அனல்மின் நிலையச் சாம்பல் நீரோட்டத்தில் படிந்து ஆழம் குறைந்த நிலை தேசியப் பசுமைத் தீர்ப்பாய வழக்குகளில் பதிவாகியுள்ளது. திருக்குறள் கல்லாதவருக்கு உவமை கூறும்போது களர்நிலத்தைக் காட்டுவது உழவர் நோக்கு. நெய்தலைத் தனித்திணையாக வகுத்து, உப்பு விற்கும் உமணரையும் மீன்பிடிக்கும் பரதவரையும் அந்நிலத்திற்குரியோராகக் கண்டது அதற்கு இணையான மற்றொரு நோக்கு. கொள்கை முதல் நோக்கை மட்டுமே ஏற்றது. பொதுப் பயனுக்கென வரிக்கணக்கின் புறத்தே விடப்பட்ட நிலத்தைக் குறித்த 'புறம்போக்கு' என்னும் சொல் இன்று வசைச்சொல்லாகிவிட்ட வரலாறும் இதனைச் சார்ந்ததே. எண்ணூர்க் கழிமுகத்தை மையமாக்கி 2017இல் டி. எம். கிருஷ்ணா பாடி வெளிவந்த 'சென்னைப் புறம்போக்குப் பாடல்' அச்சொல்லின் பழம்பொருளை மீட்க முயன்றது.

நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் இடம் தேடியபோது கழிமுகத்தைத் தரிசாகக் கண்ட பார்வையும், காட்டாமணக்குக்கு இடம் தேடியபோது மேய்ச்சல் நிலத்தைத் தரிசாகக் கண்ட பார்வையும் வேறு வேறல்ல. எரிபொருள் மாறியது, பார்வை மாறவில்லை. கழிமுகத்தின் இறால் குஞ்சும் மேய்ச்சல் நிலத்தின் புல்லும் அந்தந்த மக்களின் பேராடுகள். அவற்றின் எண்ணிக்கை எந்தக் கலப்பு விழுக்காட்டிலும் இடம்பெறுவதில்லை.

முடிவுரை

'புதுப்பிக்கத்தக்க' என்னும் சொல்லில் உள்ள 'தக்க' தகுதியையும் இயலுமையையும் உணர்த்துவது. நிகழ்ந்து முடிந்ததை உணர்த்துவதன்று. கரும்பும் நெல்லும் மக்காச்சோளமும் புதுப்பிக்கத்தக்கன என்பதில் ஐயமில்லை. அவை விளைந்த நிலமும் நீரும் உண்மையிலேயே புதுப்பிக்கப்பட்டனவா என்பது ஒவ்வொரு பருவத்திலும் தனியே சோதிக்கப்பட வேண்டியது. கலப்பு விழுக்காடு வண்டியின் கலத்துக்குள் சென்றதை அளக்கிறது. மந்தையில் எஞ்சியதை அளப்பதில்லை.

எனவே, உயிரி எரிபொருள் இலக்குகளுடன் நீர் இருப்பும் தானிய இருப்பும் மேய்ச்சல் நிலப் பரப்பும் ஒருங்கே வெளியிடப்படுதல் தேவை. தரிசு, உபரி, கழிவு என அரசாணைகள் ஒரு பொருளைக் குறிக்கும்போது, அதனை இதுவரை பயன்படுத்தி வந்தவர் யார் என்பதையும் உடன் பதிவு செய்தல் வேண்டும். கல்வெட்டு வெட்டியோர் விளக்கின் பெயரோடு ஆட்டின் எண்ணிக்கையையும், அதனைக் காக்கும் பொறுப்பேற்றவரையும் எழுதி வைத்தனர். விளக்கின் ஒளியை மட்டும் எழுதியிருப்பின் அது அறக்கட்டளை ஆகியிராது. தமிழ்ச் சொல்லாய்வும் கல்வெட்டியலும் நிலவியல் வழக்காறுகளும் ஆற்றல் கொள்கையின் ஆய்வுக்கு அளிக்கக்கூடிய பங்களிப்பு இத்தகைய கணக்குகளைக் கேட்பதில் தொடங்குகிறது.